.308 ப்ராஸில் ஃபிளாஷ் ஹோல் சின்னதாக இருக்கிறது: டிரில் போட்டுப் பெரிதாக்கலாமா?

டெக்சஸ்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவை நானே ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் (ப்ராஸ்) புது ப்ரைமர் (தீ மூட்டும் சிறு மூடி), மருந்து, குண்டு வைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறேன். கராஜ் மூலையில் ஒரு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ், சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் ஒரு சைஸிங் டை, ஒரு தராசு. நவம்பர் முதல் சனிக்கிழமை இங்கே மான் சீசன் தொடங்குகிறது. அதற்காகப் பக்கத்து ஊர் துப்பாக்கி கிளப்பில் ஒருவரிடம் 150 சுட்ட ப்ராஸ் வாங்கினேன். அடியில் பல முத்திரைகள், எல்லாம் கலந்து கிடந்தன.

போன ஞாயிறு பழைய ப்ரைமர்களை எடுக்க உட்கார்ந்தேன். 23-வது கூட்டில் கைப்பிடி வழக்கத்தைவிட இறுகியது. ராணுவ ப்ராஸில் ப்ரைமரைச் சுற்றி உலோகத்தை அமுக்கிவிட்ட கிரிம்ப் இருந்தால் இப்படித்தான் இறுகும். அதுதான் என்று நினைத்து அழுத்திவிட்டேன். ப்ரைமர் விழுந்தது. ஆனால் கைப்பிடியைத் திருப்பும்போது ப்ரைமரைத் தள்ளும் ஊசி துளைக்குள் கவ்விக்கொண்டு, அதைத் தாங்கும் டீகேப்பிங் ராடையே டையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஊசி லேசாக வளைந்தும் போயிற்று.

அப்புறம் மீதி எல்லாவற்றையும் டார்ச் அடித்து வாய் வழியாகப் பார்த்தேன். இன்னும் 14 கூடுகளில் ஃபிளாஷ் ஹோல் (ப்ரைமரின் தீ மருந்துக்குப் போகும் துளை) மற்றதைவிடச் சின்னதாகத் தெரிகிறது. என் ஊசி 0.070 அங்குலம். துளை 0.080 இருக்க வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். 5/64 டிரில் பிட் ஒன்று வீட்டில் இருக்கிறது. கை டிரில்லில் மாட்டி 14 துளைகளையும் பெரிதாக்கிவிடலாமா? நல்ல ப்ராஸ் போல இருக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை.

டூல்ரூம்_மிச்சிகன்:

தம்பி, டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் அந்த 14 கூடுகளின் அடியைப் பாருங்கள். ப்ரைமர் என்ன அளவு? பெரிய ரைஃபிள் ப்ரைமர் 0.210 அங்குலம், சின்னது 0.175. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும்.

ஏன் கேட்கிறேன் என்றால், .308-லேயே சின்ன ப்ரைமர் போடும் ப்ராஸ் உண்டு. பால்மா போட்டிக்காரர்கள் 800, 900, 1000 கஜத்தில் சுடுவார்கள். அவர்களுக்காக லபுவா கம்பெனி அப்படி ஒன்று செய்கிறது. அதில் ஃபிளாஷ் ஹோல் 1.5 மில்லிமீட்டர், அதாவது 0.059 அங்குலம். லபுவாவின் 6.5 கிரீட்மூர் தோட்டாக் கூடும் அப்படியே. கிளப்பில் வாங்கியது என்கிறீர்கள், அங்கே தூரப் போட்டி நடக்கிறதென்றால் இது கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அது குறை இல்லை, வேண்டுமென்றே செய்தது. 1975-இல் டாக்டர் லூயி பால்மிசானோவும் டூல் மேக்கர் ஃபெரிஸ் பிண்டெலும் .220 ரஷ்யன் கூட்டை வைத்து 6 PPC தோட்டாவை உண்டாக்கினார்கள். சின்ன ப்ரைமர், சின்ன துளை. மேசையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துத் துல்லியம் பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்டமே அதற்குப் பிறகு மாறிப்போயிற்று. ப்ரைமரின் தீ அளவாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உள்ளே போக வேண்டும் என்பதுதான் கணக்கு. அதை 0.078-க்கு விரித்துவிட்டால் அந்தக் கூட்டுக்கு விலை கொடுத்த காரணமே போய்விடும்.

உங்களுக்கு வேண்டியது டிரில் அல்ல, மெல்லிய ஊசி. 0.057 அங்குல ஊசியுள்ள டீகேப்பிங் ராட் தனியாகக் கிடைக்கிறது. ப்ரைமரை மட்டும் எடுக்கும் யூனிவர்சல் டீகேப்பிங் டையில் அதை மாட்டி, சைஸ் செய்வதற்கு முன்னாலேயே ப்ரைமரை எடுத்துவிடுங்கள். மெல்லிய ஊசி சீக்கிரம் வளையும், அதனால் கூடு நேராக நிற்கிறதா என்று பார்த்து மெதுவாக அழுத்துங்கள்.

பழைய_வேட்டைக்காரர்:

அண்ணன் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். பல வருடம் முன்னால் நான் இதே 5/64 பிட்டைக் கையில் பிடித்துத்தான் முப்பது கூடுகளைத் துளைத்தேன். பித்தளையில் முறுக்கு பிட் கடித்து இழுக்கும். துளை வட்டமாக வரவில்லை, சிலது மையத்தை விட்டே விலகிப் போயிற்று. 200 கஜத்தில் அந்த முப்பதும் சிதறின சிதறல் இன்னும் நினைவிருக்கிறது. திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

இன்னொன்று. நீங்கள் ஊசியைப் பலமாக அழுத்தி ஏற்றிய அந்த 23-வது கூட்டின் ப்ரைமர் பாக்கெட்டுக்குள் (ப்ரைமர் உட்காரும் குழி) விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். தடித்த ஊசி சின்ன துளையில் நுழையும்போது உலோகத்தை வெளிப்பக்கம் தள்ளும். ஒரு சிறு விளிம்பு எழும்பியிருந்தாலும் புது ப்ரைமர் அடி வரை உட்காராது. போல்ட் ரைஃபிளில் அது மிஸ்ஃபயர் ஆகும். தானியங்கி ரைஃபிளில் போல்ட் மூடும்போதே வெடிக்கக்கூடிய ஆபத்து. அந்த ஒன்றைத் தயங்காமல் நசுக்கிப் போட்டுவிடுங்கள்.

தண்ணீரோடு சுழலும் ஈர டம்ப்ளரில் ஸ்டீல் பின் போட்டுச் சுத்தம் செய்தவர் விற்றிருந்தால், துளையில் இரண்டு பின் சேர்ந்து சிக்கியிருக்கவும் கூடும். அதையும் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே நடுவில் ஒன்றுக்குப் பதில் ஓரமாக இரண்டு குட்டித் துளைகள் தெரிந்தால் அது பெர்டன் கூடு. உங்கள் ஊசி அதில் உடைந்துதான் போகும், ஒதுக்கிவிடுங்கள்.

டெக்சஸ்வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்தேன்.

23-வது கூட்டில் நகம் தட்டியது. இடுக்கியால் நசுக்கிவிட்டேன். அதன் அடியை இப்போதுதான் பார்க்கிறேன், ப்ரைமர் பாக்கெட் பெரியது. அப்படியென்றால் பால்மா இல்லை.

மெல்லிய ஊசி வாங்கி 14-லும் ப்ரைமர் எடுத்துவிட்டேன். 9 கூடுகள் சின்ன ப்ரைமர், அண்ணன் சொன்னது அப்படியே சரி. ஆனால் 5 கூடுகள் வேறு முத்திரை, பெரிய ப்ரைமர், நசுக்கியதும் அதே முத்திரைதான். அவற்றில் 1/16 பிட்டின் தண்டு (0.0625) நுழைகிறது, 5/64 தண்டு நுழையவில்லை. உள்ளே ஒரு பக்கம் பிசிறு தொங்குகிறது. இதற்கு என்ன செய்வது?

டூல்ரூம்_மிச்சிகன்:

அது பஞ்ச் அடித்த துளை. பஞ்ச் தேய்ந்திருந்தால் துளை சிறுக்கும், உள்பக்கம் பிசிறு நிற்கும். பெரிய ப்ரைமர் கூட்டுக்கு 0.080தான் முறை, ஆகவே இந்த ஐந்தை மட்டும் சரிசெய்யலாம். அதற்கு ஃபிளாஷ் ஹோல் யூனிஃபார்மர் என்றே கைக்கருவி விற்கிறார்கள். நுனி மையத்தில் நிற்க வழிகாட்டி உண்டு, ஆழத்துக்குத் தடையும் உண்டு. கையாலேயே திருப்புங்கள், மோட்டார் வேண்டாம். பிசிறும் அதிலேயே போய்விடும். முடித்ததும் கூட்டைக் கவிழ்த்துத் தட்டி, பித்தளைத் தூள் உள்ளே தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் இந்த ஐந்தைப் பழைய லோடில் (மருந்து அளவில்) அப்படியே போடாதீர்கள். துளை மாறினால் பற்றும் விதம் மாறும். கையேட்டில் சொன்ன தொடக்க அளவிலிருந்து ஏறி வாருங்கள். சின்ன ப்ரைமர் ஒன்பதுக்கும் அதே விதி.

டெக்சஸ்வாசி:

கருவி வியாழக்கிழமை வந்தது. நான்கு கூடுகளில் மெல்லிய பித்தளைச் சுருள் ஒன்று உதிர்ந்து, 5/64 தண்டு சுகமாக நுழைந்தது. ஐந்தாவதில் துளையே மையத்தை விட்டு விலகியிருந்தது, அதையும் நசுக்கிவிட்டேன். சின்ன ப்ரைமர் ஒன்பதையும் தனி டப்பாவில் போட்டு, மேலே பட்டையாக எழுதி வைத்திருக்கிறேன். கிளப்பில் 1000 கஜம் சுடும் ஒரு பெரியவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கொடுக்கப் போகிறேன். மானுக்கு மீதி 135 போதும்.