ஹமொக்கில் (மரங்களுக்கு இடையில் கட்டும் துணித் தொங்குபடுக்கையில்) படுத்தால் நாரி பிடிக்கிறது, எப்படிக் கட்ட வேண்டும்?

குளக்கட்டு:
முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம் தெரிந்தவரின் தோட்டத்தில் சிநேகிதர்களோடு இடைக்கிடை இரவு தங்குவோம். கூடாரத்துக்குள் புழுக்கம் தாங்காமல் நைலோன் ஹமொக் ஒன்று வாங்கினேன். ஏறிப் படுக்கும்போது சுகமாகத்தான் இருக்கிறது, ஆனால் சாமம் தாண்டினால் தோள் இரண்டும் உள்ளுக்கு நெரிந்து, முழங்காலின் பின்பக்கம் இழுத்து, விடியும்போது நாரி பிடித்துவிடுகிறது. துணி 3 மீற்றர், மரங்களுக்கு இடையில் 4 மீற்றர். தொய்யாதபடி நன்றாக இழுத்துத்தான் கட்டுகிறேன். இன்னும் இறுக்க வேண்டுமா?

பாலைநிழல்:
தம்பி, இறுக்க வேண்டாம், தளர்த்துங்கள். இழுத்துக் கட்டினால் துணியின் கரை இரண்டும் விறைத்து எழும்பித் தோளை நெரிக்கும். படுத்திருக்கும்போது கயிறு ஏறக்குறைய 30 பாகை சரிவில் இருக்க வேண்டும், அதாவது மரத்திலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வர 60 சென்ரிமீற்றருக்குக் கிட்ட இறங்கியிருக்க வேண்டும். 70 கிலோ ஆள் படுத்தால் இந்தச் சரிவில் ஒவ்வொரு பக்கக் கயிறும் 70 கிலோ அளவுதான் தாங்கும், 10 பாகைக்கு இறுக்கினால் அதுவே 200 கிலோவுக்குப் போய்விடும். உங்கள் மரங்களுக்குத் தலையளவு உயரத்தில் கட்டிப் பாருங்கள், ஏறி இருக்கும்போது கதிரை உயரத்துக்கு வந்தால் சரி.

பிறகு, நேராகப் படுக்காதீர்கள்! தலையை ஒரு கரைக்கும் காலை மற்றக் கரைக்கும் தள்ளிக் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு மட்டமாக வரும், நாரிநோவுக்கு மருந்தே அதுதான். கால்பக்கத்தை ஒரு சாண் கூட உயர்த்திக் கட்டினால் உடம்பு கீழே வழுக்காது. முழங்காலுக்குக் கீழே சாறத்தை மடித்து வையுங்கள்.

மருதடி:
அண்ணை சொன்னதோடு இன்னொன்று. ஹமொக்கின் இரண்டு நுனிக்கும் இடையில் மேலால், நீளாத கயிறு ஒன்று கட்டுங்கள், துணி நீளத்தின் 83 வீதம் என்பது பலரும் தொடங்கும் அளவு, உங்களுடையதற்கு 2.5 மீற்றர். மரம் கிட்ட இருந்தாலும் தள்ளி இருந்தாலும் தொய்வு மாறாது, நுளம்பு வலையையும் அதிலேயே போடலாம். நீங்கள் உயரமான ஆள் என்றால் 3 மீற்றர் துணியில் குறுக்காகப் படுக்க இடம் காணாது, 3.3 மீற்றர் பாருங்கள்.

குளக்கட்டு:
நன்றி அண்ணை, நன்றி மருதடி. எந்தப் பக்கம் தலை வைப்பது? நுளம்பு வலை போட்டும் முதுகில் கடிக்கிறதே?

பாலைநிழல்:
இரண்டு பக்கமும் படுத்துப் பாருங்கள், ஒன்றுதான் உடம்புக்கு ஒத்துவரும். ஒற்றைத் துணியென்றால் நுளம்பு கீழால் குத்தும், உள்ளே மெத்தைப்பாய் போடுங்கள், மார்கழி வாடைக்கும் அது வேண்டும். பாலை, மருது மாதிரி உரமான மரத்தில் அகலப் பட்டியால் கட்டுங்கள், முருங்கை முறியும், தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மரம் தேடித் தோட்டத்தை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள், யானை இறங்கும் வழியும் இருக்கும், வெடிபொருள் அகற்றி முடியாத நிலமும் இருக்கும்.