ஃபிளாப்பில் 35 விழுக்காடா, 19 விழுக்காடா: எந்தக் கணக்கை நம்பி கால் செய்வது?

கேள்வி

டெக்சாஸ் ஹோல்டம் என்னும் போக்கர் சீட்டாட்டத்தில் வெற்றி வாய்ப்பைக் கணக்கிடச் சில மாதங்களாகப் பழகி வருகிறேன். அண்மையில் ஆடிய ஒரு சுற்று என் புரிதலையே ஐயத்துக்கு உள்ளாக்கிவிட்டது. என் கையில் ஹார்ட்டின் ஏஸும் ஹார்ட்டின் எட்டும் இருந்தன. ஃபிளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும் முதல் மூன்று சீட்டுகளில், ஹார்ட்டின் கிங், ஹார்ட்டின் ஐந்து, கிளாவர் இரண்டு ஆகியவை வந்தன. பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில்) அப்போது 100 சில்லுகள் இருந்தன. எதிரே எஞ்சியிருந்த ஒரே ஆட்டக்காரர் 80 வைத்தார். ஃப்ளஷ் (ஒரே வகையில் ஐந்து சீட்டுகள்) அமைய உதவும் ஹார்ட்டின்கள் இன்னும் ஒன்பது மீதமிருந்ததால், அவுட்ஸை (கையை வெல்ல வைக்கக்கூடிய மீதச் சீட்டுகளின் எண்ணிக்கையை) நான்கால் பெருக்கும் வழக்கமான முறைப்படி எனக்கு 36 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று கொண்டேன். நான் 80 வைத்தால் பாட் 260 ஆகும். அதில் என் பங்கு ஏறத்தாழ 31 விழுக்காடு. வாய்ப்பு விலையைவிட அதிகமாக இருந்ததால் அதே 80-ஐ வைத்து கால் செய்தேன். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) கிளாவர் ஜாக் வந்தது, அவர் 200 வைத்தார், நான் விலகி ஃபோல்ட் செய்துவிட்டேன்.

என்னுடன் ஆடும் நண்பர், டர்னில் விட்டது சரி, ஃபிளாப்பில் கால் செய்ததுதான் பிழை என்கிறார். அவர் சொல்வதற்கான காரணம் எனக்கு விளங்கவில்லை. மேலும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எதிராளியின் கையிலேயே ஹார்ட்டின்கள் இருக்கக்கூடும் எனும்போது, 47 சீட்டுகளில் ஒன்பது என்று எப்படிக் கணக்கிடுகிறோம்? இதே நிலையில் தொடர்ந்து ஆறு முறை எனக்கு ஃப்ளஷ் அமையவில்லை என்பதற்கு ஏதேனும் பொருள் உண்டா?

மறுமொழி 1

உங்கள் பெருக்கலில் பெரிய பிழை இல்லை. அது எந்தக் கேள்விக்கான விடை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. டர்னில் ஹார்ட்டின் வரும் வாய்ப்பு 47-இல் 9, அதாவது 19.1 விழுக்காடு. கடைசிப் பொதுச் சீட்டான ரிவருக்கும் அதே அளவு வாய்ப்பு என்று இரண்டையும் கூட்டினால் 38.3 வரும், ஆனால் இரண்டு சீட்டுகளுமே ஹார்ட்டினாக வரும் 3.3 விழுக்காடு அதில் இருமுறை எண்ணப்பட்டிருப்பதால், அதைக் கழிக்க 35 கிடைக்கிறது. நான்கால் பெருக்கும் முறை தரும் 36 அதற்கு மிக நெருக்கமானது. அவுட்ஸ் கூடக்கூட அந்த முறை விலகிப்போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: 15 அவுட்ஸ் இருந்தால் அது 60 என்று சொல்லும், உண்மையில் 54 தான்.

ஆனால் அந்த 35 விழுக்காடு, டர்ன், ரிவர் ஆகிய இரண்டு சீட்டுகளையும் பார்ப்பவருக்கு உரியது. நீங்கள் 80 சில்லுகள் கொடுத்து வாங்கியது டர்ன் என்ற ஒற்றைச் சீட்டை மட்டுமே; ரிவருக்கு அவர் தனியாக 200 கேட்டார், அதைக் கொடுக்க உங்களுக்கு மனமில்லை, அது சரியும்கூட. இரண்டு சீட்டுகளுக்கான வாய்ப்பை ஒரு சீட்டின் விலையோடு ஒப்பிட்டதுதான் நண்பர் சுட்டிய பிழை. அதே 80 எதிராளியின் கடைசிச் சில்லுகளாக இருந்திருந்தால், மேற்கொண்டு யாரும் எதையும் கேட்க முடியாது; அப்போது 35 விழுக்காடு முழுமையாக உங்களுடையது, ஒவ்வொரு முறையும் சராசரியாக 11 சில்லுகள் ஆதாயத்தோடு கால் செய்திருக்கலாம்.

பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் கடிதங்கள் வழியாக ஆராய்ந்த சிக்கல், பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை இருவருக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதுதான். எல்லாச் சில்லுகளையும் வைத்து ஆல்-இன் செய்த பிறகு உங்கள் பங்கு இவ்வளவு என்று சொல்லும்போது நாம் அதே கணக்கைத்தான் போடுகிறோம். இன்னும் பந்தயம் வைக்க இடமிருக்கும் ஆட்டத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மறுமொழி 2

முதல் ஐயத்துக்கு மேலே விடை வந்துவிட்டதால், மற்ற இரண்டைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் பார்த்திருப்பது ஐந்து சீட்டுகள், பார்க்காதவை 47. அந்த 47-இல் சில எதிராளியின் கையிலும், சில ஏற்கெனவே ஃபோல்ட் செய்தவர்கள் தள்ளிய குவியலிலும், மற்றவை கட்டிலும் இருக்கின்றன. கட்டின் அடியில் கிடக்கும், இந்தச் சுற்றில் வெளிவரவே போகாத சீட்டுகளில் மூன்று ஹார்ட்டின்கள் இருக்குமோ என்று யாரும் கவலைப்படுவதில்லை. அடியில் கிடப்பதற்கும் ஒருவர் கையில் கிடப்பதற்கும், உங்களுக்குத் தெரியாத வரையில், வேறுபாடு எதுவும் கிடையாது. ஒன்பது ஹார்ட்டின்கள் 47 இடங்களில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், அடுத்துத் திரும்பப்போகும் இடம் அவற்றுள் ஒன்று. நிகழ்தகவு சீட்டுகளைப் பற்றிய செய்தி என்பதைவிட, சீட்டுகளைப் பற்றி நாம் அறிந்த அளவைப் பற்றிய செய்தி என்று கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

ஆயினும் எதிராளி பந்தயம் வைக்கும் விதமும் ஓர் அறிவுதான். ஃபிளாப்பில் கிங் வந்தவுடன் 80 வைக்கும் ஒருவரிடம் ஒரு கிங் இருக்க வாய்ப்பு மிகுதி. அவரிடம் கிங் ஜோடி மட்டுமே இருந்தால், மீதமுள்ள மூன்று ஏஸ்களும் உங்களுக்கு அவுட்ஸ் ஆகி, எண்ணிக்கை பன்னிரண்டாகவும் இரு சீட்டுகளுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடாகவும் உயரும். மாறாக அவரிடம் இரண்டு ஐந்துகள் இருந்து, ஃபிளாப்பில் மூன்றாவது ஐந்தும் அமைந்துவிட்டிருந்தால், ஹார்ட்டின் இரண்டு உங்களுக்கு ஃப்ளஷையும் அவருக்கு அதை வெல்லும் ஃபுல் ஹவுஸையும் ஒருங்கே தந்துவிடும். ஆகவே அவுட்ஸை எண்ணும்போது, அது வந்தால் நமக்கு என்ன அமையும் என்பதோடு, அது வந்தால் நாம் வெல்வோமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தோற்ற சுற்றுகளைத் திரும்பிப் பார்க்கும்போது, இந்த இரண்டாவது கேள்வியை நான் கேட்காமல் விட்ட இடங்களே மிகுதி.

ஆறு தோல்விகளைப் பொறுத்தவரை, இரு சீட்டுகளையும் பார்த்தும் ஃப்ளஷ் அமையாமல் போகும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 65 விழுக்காடு. ஆறு முறையும் அப்படியே நிகழ்வது 7.6 விழுக்காடு, அதாவது பதின்மூன்றில் ஒரு முறை. நீங்கள் டர்னிலேயே விட்டுவிட்ட சுற்றுகளையும் அந்த ஆறில் சேர்த்திருந்தால் அது இன்னும் எளிதாக நிகழக்கூடியது. கலைத்த கட்டுக்கு முந்தைய சுற்று நினைவிருக்காது என்பதால், ஏழாவது முறையும் அதே 35 விழுக்காடுதான்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 35 என்ற எண்ணை நான் எவ்வளவு கண்மூடித்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். டர்னில் ஹார்ட்டின் வந்திருந்தால், அதன் பிறகு எதிராளியிடமிருந்து மேலும் சில்லுகளைப் பெற்றிருப்பேன் அல்லவா? அந்த ஆதாயத்தையும் சேர்த்தால் என் கால் நியாயமாகாதா? 80 வைத்த பிறகு அவரிடம் 240 சில்லுகள் மீதமிருந்தன. என்னிடம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

மறுமொழி 3

நியாயமான கேள்வி, அதை எண்ணால் சோதித்துவிடலாம். 47 முறையில் 38 முறை நீங்கள் 80-ஐ இழக்கிறீர்கள், 9 முறை வெல்கிறீர்கள். இழப்பும் வரவும் சமமாக வேண்டுமானால் வெல்லும் ஒவ்வொரு முறையும் 338 கிடைக்க வேண்டும். பாட்டில் இருப்பது 180. ஆகவே எஞ்சிய 158 சில்லுகளை அவரிடமிருந்து பின்னர் பெற்றாக வேண்டும். அவரிடம் இருப்பதோ 240. ஹார்ட்டின் வரும் சுற்றுகளில் மூன்றில் இரண்டு முறை அவர் தம்மிடம் உள்ள அனைத்தையும் இழக்க முன்வந்தால்தான் இது நடக்கும். மேசையில் மூன்று ஹார்ட்டின்கள் திறந்து கிடக்கும்போது எதிராளி அத்தனை தாராளமாக இருப்பார் என்று நான் கருதமாட்டேன். ஸ்ட்ரெயிட்டை (அடுத்தடுத்த ஐந்து எண்களை) நோக்கிய சீட்டுகள் எதிராளியின் கண்ணில் எளிதில் படுவதில்லை, ஃப்ளஷ் அப்படியல்ல. உங்கள் நண்பர் சொன்னதே சரி என்பது என் முடிவு.

ஆனால் கால், ஃபோல்ட் என்ற இரண்டோடு வழிகள் முடிந்துவிடவில்லை. ஃபிளாப்பிலேயே நீங்கள் பந்தயத்தை 320-க்கு உயர்த்தி, அதாவது ரைஸ் செய்து, அவரை ஆல்-இன் முடிவுக்குத் தள்ளியிருக்கலாம். அவர் ஃபோல்ட் செய்தால் 180 உடனே உங்களுடையது. அவர் ஏற்றால் பாட் 740 ஆகும். இரு சீட்டுகளையும் நீங்கள் கட்டாயம் பார்ப்பதால் அந்த 35 விழுக்காடு இப்போது உண்மையிலேயே உங்களுடையது, அதன் மதிப்பு 259, ஆகவே சராசரி இழப்பு 61. இரண்டையும் சமன்செய்தால், அவர் நான்கில் ஒரு முறைக்குச் சற்றே அதிகமாக ஃபோல்ட் செய்தாலே இந்த ரைஸ் ஆதாயம் தரும். அவர் மூன்று ஒரே எண் சீட்டுகளோடு மட்டுமே ஏற்பவர் என்றால் உங்கள் வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடாகக் குறையும்; அப்போது அவர் பத்தில் நான்கு முறைக்கு மேல் ஃபோல்ட் செய்தாக வேண்டும், ஆனால் அவ்வளவு இறுக்கமாக ஆடுபவர் அதைவிட அதிகமாகவே ஃபோல்ட் செய்வார்.