16:8 ஃபாஸ்டிங் (16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு) இருந்துகொண்டே பி.பி. மாத்திரை போடுபவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

நடைப்பிரியன்
இரத்தக் குழாயைத் தளர்த்தும் டெல்மிசார்டானும் சிறுநீரைக் கூட்டும் தயாசைடும் சேர்ந்த பி.பி. மாத்திரை, பல வருடமாக. 16:8 ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அளவு இறங்கிவிட்டது. 150-ஐ ஒட்டி நின்ற மேல் அளவு 120 பக்கம் வந்ததும் வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். சொல்ல வந்தது அதுவல்ல. ஒரு நாள் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு குனிந்து ஷூ லேஸைக் கட்டிவிட்டு நிமிர்ந்தேன். கண் இருட்டவில்லை, மயக்கம் என்றும் சொல்ல முடியாது. சுவர் மெதுவாக என் பக்கம் சாய்ந்து வந்தது, அவ்வளவுதான். சாய்வது நான்தான் என்பதே தெரியவில்லை. மகள் பிடித்து உட்காரவைத்து பி.பி. எடுத்தாள்: 112. அப்புறம் நிற்கவைத்து எடுத்தாள்: 86. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி பட்டனை அழுத்தினாள். மறுபடியும் எண்பதுகளில்தான்.

டாக்டர் தயாசைடை எடுத்துவிட்டு டெல்மிசார்டான் மட்டும் தந்தார், இப்போது தொந்தரவு இல்லை. ஆனால் உட்கார்ந்து எடுக்கும் அளவில் இது தெரியவே தெரியாது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டாம்காபி
ஒரு வாரத்தில் 30 இறங்கியது ஃபாஸ்டிங்கால்தான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? எனக்கு நடந்ததைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் கறுப்புக் காபி மட்டும் குடித்துவிட்டு செக்கப்புக்குப் போனேன். 162 வந்தது. நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதலில் பாத்ரூம் போய்விட்டு வாருங்கள்" என்றார். போய் வந்து, வாயைத் திறக்காமல் சாய்ந்து உட்கார்ந்தேன். 138! அதே கை, அதே மெஷின். மாத்திரையைக் கூட்டச் சொல்லி எழுதப்போன டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஃபாஸ்டிங் இருப்பவர்கள் பசி தெரியாமல் இருக்கக் காபியாகக் குடித்துத் தள்ளுகிறோம். அளவெடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி கூடாது, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், கால் தரையில் படிய வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் எடுத்த 150-ஐயும் செய்து எடுத்த 120-ஐயும் ஒப்பிட்டால் என்ன தெரியும்?

நடைப்பிரியன்
நான் காபியே குடிப்பதில்லை. சுவர் சாய்ந்தது பாத்ரூம் போகாததாலும் இல்லை.

மாத்திரைக்கடை
மருந்துக் கடையில் வேலை எனக்கு. தலைவலிக்கு இபுப்ரோஃபென் கேட்டு ஒருவர் அடிக்கடி வருவார். ஒரு நாள், "காலையில்தான் வலி, சாப்பிட்டால் போய்விடுகிறது" என்றார். ஃபாஸ்டிங்கா என்று கேட்டேன். முகமெல்லாம் மலர்ந்து, "ஆமாம், பி.பி. குறையத்தான்" என்றார், பி.பி.யை ஏற்றக்கூடிய மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே. நடைப்பிரியன் போட்ட அதே ஜோடிதான் அவருக்கும். கொடுக்க மாட்டேன் என்றதும் கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. வேறு கடையில் வாங்கியிருப்பார்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சாப்பிடாத நேரத்தில் இன்சுலின் குறையும். அது குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைப்பதும் குறையும், உப்போடு தண்ணீரும் வெளியே போகும். முதல் வாரத்தில் எடையும் பி.பி.யும் சட்டென்று இறங்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குள் கொழுப்பு எங்கே கரைந்தது? தயாசைடு செய்வதும் இதே வேலைதான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எழுந்ததும் தள்ளாடத்தான் செய்யும், சோடியம் பொட்டாசியமும் இறங்கலாம். இந்த நிலையில் டெல்மிசார்டான், தயாசைடு, இபுப்ரோஃபென் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகமே திடீரென்று அடிவாங்கலாம். கார்வெடிலால் என்ற பி.பி. மருந்து சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை, வெறும் வயிற்றில் போட்டால் தலைசுற்றல் கூடும். பீட்டா பிளாக்கரோடு (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை வகை) இன்சுலினும் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். குளோனிடின் என்ற பி.பி. மாத்திரையை நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள், பி.பி. பழைய அளவையும் தாண்டி எகிறும். ஃபாஸ்டிங் தொடங்கும் முன் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இராப்பறவை
பகல் 12 முதல் இரவு 8 வரை சாப்பாடு என்று மாதக்கணக்கில் இருந்தேன். பி.பி. அசையவில்லை. டாக்டர் நான் எழுதிவைத்த அளவுகளைப் பார்த்துவிட்டு, "எடை?" என்றார். அதுவும் அப்படியே. "அப்படியானால் எதனால் இறங்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். எல்லோரும் தூக்கிப் பிடிக்கும் 2018 ஆய்வில் 6 மணி நேரத்துக்குள் சாப்பாடு, கடைசி வேளை பிற்பகல் 3 மணிக்கு முன். ஐந்து வாரத்தில் எடை குறையாமலேயே மேல் அளவு 11 போல இறங்கியது. ஆனால் அதில் இருந்தவர்கள் எட்டே ஆண்கள், எல்லோரும் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள். 2022-இல் 139 பேரை ஒரு வருடம் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு கலோரி குறைப்பு. ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை சாப்பிட்டது. எடையிலும் சரி, பி.பி.யிலும் சரி, சொல்லும்படியான கூடுதல் பலன் இல்லை. இரவு 8 மணிவரை சாப்பிட்டுக்கொண்டு 2018-ஐ நான் எதிர்பார்த்திருக்கிறேன்!

உப்புக்கல்
ஜிம்மில் ஒருவர் ஃபாஸ்டிங் தலைவலிக்கு என்று ஒரு பாட்டில் நீட்டினார். ஒரு வாய் குடித்தேன், கடல். "எவ்வளவு போட்டீர்கள்?" என்றால், "ஒரு ஸ்பூன்தான், எல்லோரும் இப்படித்தான் குடிக்கிறார்கள்" என்கிறார். உலக சுகாதார நிறுவனம் ஒரு முழு நாளுக்கே உப்பு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, ஒரு டீஸ்பூன் அதற்கு மேலேயே வரும். எனக்கு பி.பி. என்று சொன்ன பிறகும் பாட்டிலைத் திரும்ப வாங்கவில்லை. மாத்திரைக்கடை அவர்களே, உப்பு வெளியே போகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நாலு பேர் ஸ்பூனைத் தேடப்போகிறார்கள்.

மாத்திரைக்கடை
உப்பைக் கரைத்துக் குடியுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? தள்ளாடினால் சரிசெய்ய வேண்டியது மாத்திரை அளவை, அதுவும் டாக்டர்.

மௌனவாசகி
நடைப்பிரியன் அண்ணா, நின்று எடுப்பது எப்படி? அப்பாவுக்குப் பார்க்க வேண்டும், அவரும் 16:8தான்.

நடைப்பிரியன்
ஐந்து நிமிடம் படுக்கவோ உட்காரவோ வைத்து ஒருமுறை எடுங்கள். எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் தங்கச்சி.

இரண்டாம்காபி
நிற்கும்போது கையைத் தொங்கவிடக் கூடாது, நெஞ்சு மட்டத்துக்குத் தாங்கிப் பிடியுங்கள். தொங்கினால் கூடுதலாகக் காட்டும், இறங்கியது தெரியாமலே போய்விடும்.