சேவைத் தொழிலில் 'புத்தாக்கம்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ம.செ., மதுரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் வணிகவியல் முதுகலை மாணவர்கள் ஒரு கள ஆய்வுக்குத் தயாராகிறார்கள். மெஸ், ரத்தப் பரிசோதனை லேப், டிராவல்ஸ், அழகு நிலையம், கூரியர் என்று சேவைத் தொழில் நடத்துபவர்களிடம் போய், அங்கே நடக்கும் இன்னொவேஷனை அளக்க வேண்டும். கேள்விப் படிவம் தமிழில் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அடிப்படையாக வைத்திருப்பது இன்னொவேஷனை அளப்பதற்கான பன்னாட்டு வழிகாட்டி நூலான ஓஸ்லோ கையேடு. 1992இல் வந்த முதல் பதிப்பு தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சேவைத் துறை 1997 பதிப்பில்தான் உள்ளே வந்தது. 2005இல் நிர்வாக முறை, சந்தைப்படுத்தும் முறை இவற்றில் செய்யும் மாற்றங்களையும் சேர்த்தார்கள். 2018இல் வகைகளைச் சுருக்கி, விற்கும் பொருள் அல்லது சேவையில் வருவது ஒன்று, தொழில் நடத்தும் முறையில் வருவது இன்னொன்று என இரண்டாக்கிவிட்டார்கள். வரையறையின் சாரம் இவ்வளவுதான்: அந்த நிறுவனத்திடம் முன்பு இருந்ததிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டிருக்க வேண்டும், நடைமுறைக்கும் வந்திருக்க வேண்டும். உலகத்துக்கே புதிதாக இருக்கத் தேவையில்லை.

முதல் வரைவில் இன்னொவேஷனுக்குப் 'புத்தாக்கம்' என்று போட்டு நான்கைந்து இடங்களில் கொடுத்துப் பார்த்தோம். மெஸ் நடத்தும் ஓர் அம்மா 'இல்லை' என்பதில் டிக் அடித்தார். டீ குடித்துக்கொண்டே பேசும்போது சொல்கிறார், இப்போதெல்லாம் முந்தின நாள் இரவே வாட்ஸப்பில் ஆள் கணக்கு வாங்கிவிடுகிறாராம், அதற்குத் தக்கபடி உலை வைப்பதால் சோறு மிஞ்சுவதே இல்லையாம். அப்புறம் ஏன் இல்லை என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். "நான் என்னம்மா புதுசா கண்டுபிடிச்சேன்?" என்றார். இந்தச் சொல்லோடு ஊர் முழுக்கப் போனால் எங்கள் அட்டவணையில் சேவைத் துறை வெறுமையாகத்தான் தெரியும். வழி சொல்லுங்கள்.

அ.கு., ஈரோடு

அன்புள்ள அம்மையீர், முதலில் 'சேவை' வேண்டாம், அது வடசொல். "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் பாடிய மொழியில் 'பணி' இருக்கிறது. பணித்துறை, பணித்தொழில் என்று எழுதுங்கள்.

அடுத்தது, நீங்கள் தேடும் சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. செய்யுளியலில் எண்வகை வனப்பு, அதாவது செய்யுளின் எட்டு அழகுகளைச் சொல்லும் இடத்தில் "விருந்தே தானும் புதுவது கிளந்த யாப்பின் மேற்றே" என்கிறார். புதிய முறையில் செய்யுள் இயற்றுவதற்கு 'விருந்து' என்று பெயர். அதே எட்டில் 'தொன்மை'யும் இருப்பதைக் கவனியுங்கள். விருந்தின் முதற்பொருள் புதுமை. புதிதாய் வந்தவர் விருந்தினர் ஆனது பிறகு, அவருக்கு இட்ட உணவு விருந்து ஆனது அதற்கும் பிறகு. புதுமையும் உபசரிப்பும் ஒரே சொல்லில் கூடி நிற்கின்றன. பணித்தொழிலில் நடக்கும் புதுமைக்கு இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும்? "மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து" என்ற குறளையும் பாருங்கள். பெறுபவர் முகத்தில் தெரிவதுதான் அங்கே அளவு. 'விருந்தாக்கம்' என்று முன்மொழிகிறேன்.

சி.தே., யாழ்ப்பாணம்

புலவர் ஐயாவின் விளக்கத்தை இரண்டு முறை வாசித்தேன், மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் வணிகக் கல்வி படிக்கிற பிள்ளைகளுக்குப் 'புத்தாக்கம்' பழகிய சொல். புதுமை என்பதில் ஈறு கெட்டு, தன்னொற்று இரட்டி, புத்தாண்டு, புத்தாடை போலவே புணர்ந்து வருகிறது. இலக்கணத்தில் குறை இல்லை. தமிழ்நாட்டிலும் தொழில்முனைவோருக்கான அரசு நிறுவனத்தின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறதே. இரு கரையிலும் புழங்கும் ஒன்றை ஏன் கைவிட வேண்டும்?

ப.ரா., தஞ்சாவூர்

பள்ளியில் பணியாற்றியவள் என்ற முறையில் ஒரு சிக்கலைச் சொல்கிறேன். எங்களுக்குப் 'புத்தாக்கப் பயிற்சி' என்றால் ஏற்கெனவே படித்ததைத் திரும்ப நினைவூட்டும் வகுப்பு. முன்பு இல்லாததைக் கொண்டுவருவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இதோடு ஐயா சொன்ன 'பணி'யையும் சேர்த்துப் 'பணிப் புத்தாக்கம்' என்று போட்டால், பணியிடைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் எங்களைப் போன்றவர்கள் படிப்போம். 'சேவை' வடசொல்லாக இருக்கட்டும். வடவெழுத்தை ஒருவி (நீக்கி) வந்தால் சொல்லாகும் என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். இ-சேவை மையம் தெரியாத ஊர் இல்லை.

விருந்தைப் பற்றியும் ஒரு சொல். மெஸ்காரரிடம் அந்தச் சொல்லோடு போனால் பந்தி வைப்பதைப் பற்றித்தான் பேசுவார்.

வே.ந., கோவை

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். சொல்லைப் பற்றிப் பேசும்போது பொருளையும் கொஞ்சம் பார்ப்போம். சேவைத் துறை புதுமைகளைப் பற்றி ரிச்சர்ட் பாரஸ் என்ற ஆய்வாளர் 1986இல் ஒரு கருத்தைச் சொன்னார். தொழிற்சாலையில் பொதுவாகப் புதுப் பொருள் முதலில் வரும், அதை மலிவாகச் செய்யும் முறை பின்னால் வரும். சேவையில் இது தலைகீழ் என்றார். கணினி போன்ற கருவி முதலில் வேலையைச் சுளுவாக்க வரும், பிறகு தரம் கூடும், கடைசியில்தான் முன்பு இல்லாத சேவை பிறக்கும். நான் கண்ணால் பார்த்த வரிசை இது. லெட்ஜர் கணினிக்குப் போனது முதல் படி. எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்பது அடுத்து வந்தது. 2016இல் வந்த யூபிஐ, கிளைக்கே போக வேண்டாம் என்றாக்கியது. முதல் படியில் இருந்த எங்களைக் கேட்டிருந்தால் நாங்களும் அந்த மெஸ் அம்மா மாதிரி 'இல்லை' என்றுதான் எழுதியிருப்போம்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நமக்கு நான்கு அளவை. சேவையை எடைபோடவும் முடியாது, படியால் அளக்கவும் முடியாது. எண்ணத்தான் வேண்டும் என்றால் எதை எண்ணுவது? காப்புரிமையையும் ஆராய்ச்சிச் செலவையும் எண்ணினார்கள். கருவியின் பெயர் காரியத்துக்கு ஆகிவந்தது போல, காப்புரிமைக் கணக்கே புதுமை என்று நின்றுவிட்டது. உங்கள் மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அவர்கள் 1992இல் ஆரோலேப் அமைத்துக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே செய்யத் தொடங்கியதை எந்தக் கணக்கும் பிடித்துவிடும், அது பொருள். ஆனால் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. இங்கே அறுவை முடியும்போது அடுத்த மேசையில் நோயாளி தயார். கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, மருத்துவரின் கை தேவைப்படாத வேலை எல்லாவற்றையும் அவர்களிடம் கொடுத்தார்கள். இதற்கு எந்தக் காப்புரிமை? இத்தனை பேருக்குப் பார்வை கிடைத்ததில் அந்த இரண்டாவது மேசையின் பங்கு லென்ஸின் பங்குக்குக் குறைந்ததில்லை. அதை எண்ணாத படிவம் எனக்குப் படிவமே இல்லை.

அ.கு., ஈரோடு

வங்கி ஐயா சொன்னது என் பக்கத்துக்கே வலு. காண்டலும் கருதலும் (ஊகித்து அறிவதும்) அளவை, அதாவது அறியும் வழி என்று மணிமேகலையில் அளவை வாதி சொல்கிறானே. காணும் பொருளை எண்ணிவிட்டுக் கருதிக் கொள்ள வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். 'அளவீடு' என்பதையும் 'அளவை' என்றே மாற்றலாம். புழக்கம் இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். 'பேருந்து' எப்படிப் புழக்கத்துக்கு வந்தது? எழுதினோம், வந்தது.

ம.செ., மதுரை

புலவர் ஐயா, பேருந்து எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபடி தெருவில் ஓடியது, அதற்குப் பெயர் வைத்தோம். இங்கே பெயரைக் கேட்ட பிறகுதான் அந்த மனிதர் தன் கடைக்குள் திரும்பித் தேடப் போகிறார். சொல் கடினமாக இருந்தால் தேடவே மாட்டார். நாங்கள் கையில் கொண்டு போகும் அளவுகோலே அந்தச் சொல்தான். படியின் வாய் குறுகலாக இருந்தால் நெல் வெளியே சிந்திவிடுகிறது. எனக்கு இருக்கிற கவலை முழுக்க அதுதான்.

நேற்றிரவு மாணவர்களோடு உட்கார்ந்து முடிவெடுத்தோம். தலைப்பிலும் அறிக்கையிலும் 'சேவைப் புத்தாக்கம்' இருக்கும், பெரும்பாலோர் சம்மதித்தது அதுதான். கேள்விக்குள் அந்தச் சொல்லே வராது. "கடந்த மூன்று ஆண்டுகளில், வாடிக்கையாளருக்கு நீங்கள் வேலை செய்து தரும் முறையில், உங்களிடம் முன்பு இல்லாத மாற்றம் எதையாவது கொண்டுவந்தீர்களா?" என்று கேட்கிறோம்.

ப.ரா., தஞ்சாவூர்

'உங்களிடம்' என்று போட்டது நல்லது. இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் ஏற்கெனவே இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள்.

வே.ந., கோவை

'குறிப்பிடத்தக்க' எங்கே போனது? சுவருக்குப் பெயின்ட் அடித்ததையும் மாற்றம் என்று எழுதுவார்கள். முன்பு நெல் சிந்தியது, இப்போது பதரும் சேர்ந்து வரும். எவ்வளவு மாறினால் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று அச்சுக்கு முன்னாலேயே தீர்மானியுங்கள்.

ம.செ., மதுரை

அதை எழுதிப் பார்த்தோம் ஐயா. 'குறிப்பிடத்தக்க' என்றதும் மறுபடியும் 'இல்லை' என்றுதான் டிக் அடிக்கிறார்கள். 'பெரிய மாற்றம்' என்று போட்டாலும் அப்படியே. கேள்விக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, என்ன மாற்றம் என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்கிறோம். எது சேரும், எது சேராது என்று பிறகு நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்.

வே.ந., கோவை

அப்படியானால் அளப்பது நீங்கள், அவர்கள் இல்லை. வேறு கல்லூரி வேறு விதமாகப் பிரித்தால் இரண்டு கணக்கையும் ஒப்பிட முடியாமல் போகும். எனக்கு இது சரியாகப் படவில்லை. அச்சுக்கு நேரமாகிவிட்டதால் இத்தோடு விடுகிறேன்.

அ.கு., ஈரோடு

என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் 'விருந்தாக்கம்' என்றுதான் எழுதுவேன். ஆனால் அம்மையீர், அந்த இரண்டு வரிகளில் அவர்கள் எழுதுவதைத் தட்டச்சு செய்து இங்கே அனுப்புங்கள். மெஸ்காரரும் கூரியர்காரரும் இதற்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.