மும்பையில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாராவி, 90 அடி ரோட்டுப் பக்கம்:
2009-ல் உலகத்தில் பதிவான போலியோவில் பாதிக்குப் பக்கம் நம் நாட்டில்தான், 741 பேர். பெரும்பாலும் உ.பி., பீகார். அங்கிருந்து தினமும் ரயில் வந்து இறங்கும் ஊர் இது, அதனால் எங்களுக்கும் ஓயாத வேலை. ஞாயிறு பூத், பிறகு வீடு வீடாக. குழந்தையின் இடது சுண்டு விரலில் மை, வாசலில் சாக்பீஸ். எல்லாம் முடிந்த வீட்டுக்கு ‘பி’, பிள்ளை விடுபட்ட வீட்டுக்கு ‘எக்ஸ்’. எக்ஸ் வீடுகளில்தான் கதை.

அதிலும் பல, "பிள்ளை ஊருக்குப் போயிருக்கு" ரகம். எங்கள் சந்தில் முக்கால்வாசி திருநெல்வேலிக்காரர்கள், மே மாதம் வந்தால் வரிசையாக எக்ஸ்தான். நேராக மறுத்தவர்கள் கொஞ்சம் பேர். ஒரு ஆச்சி வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார்.

"ஏட்டி, போன மாசந்தான ஊத்துன? இன்னும் எத்தன தடவ?"

"ஒரு தடவ குடுத்தா எல்லாப் பிள்ளைக்கும் பலன் கிடைக்காது ஆச்சி. வயித்துல வேற கிருமி இருந்தா மருந்து சரியா வேலை செய்யாது."

"அந்தக் கிருமி எங்கேருந்து வருது? கக்கூஸ் ரொம்பி வழியுது. அதுக்கு ஒரு பய வரல. நீ மட்டும் பெட்டியத் தூக்கிட்டு மாசாமாசம் வந்து நிக்கிறே."

மருந்து குடித்தால் பின்னால் பிள்ளை பிறக்காது என்ற புரளிக்கெல்லாம் பயிற்சியில் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இதற்கு இல்லை. போலியோ பரவுவதே பெரும்பாலும் மலத்தின் வழியாகத்தானே, ஆச்சி சொன்னதில் என்ன தப்பு? கக்கூஸ் புகாரைக் கணக்குத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டோம். அடுத்து, மருந்து கெட்டுப்போச்சா என்றார். குப்பியில் வட்டத்துக்குள் இருக்கும் சின்னச் சதுரத்தைக் காட்டினேன்: வெளுத்திருந்தால் சரி, வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேரனைத் தூக்கி வந்தார். கக்கூஸ் வெகுநாள் கழித்துச் சரியானது, எங்களால் அல்ல.

குர்லா:
ஆச்சி சொன்ன கக்கூஸ் போய்ச் சேரும் சாக்கடையை அரசாங்கமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது! நாட்டிலேயே முதலில் சாக்கடைத் தண்ணீரை எடுத்துப் போலியோ கிருமி தேடியது மும்பையில், 2001-ல். நான் நின்றது லோகமான்ய திலக் டெர்மினஸில். உ.பி. வண்டி வந்தால் யார் முகத்தையும் பார்க்க நேரமிருக்காது, சுண்டு விரல்தான் தெரியும். விரல் சூப்பும் குழந்தைகளால் வாக்குவாதம். "ஊர்லயே குடுத்தாச்சு" என்பார் அம்மா, மை இருக்காது. குடித்திருந்தாலும் இன்னொரு தடவை கொடுப்பதில் கெடுதல் இல்லை என்று சொல்லி ஊற்றிவிடுவோம். இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால், 2011 ஜனவரியில் ஹவுராவில் வந்ததுதான் இந்தியாவின் கடைசி கேஸ். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் ஒழியாததால் சொட்டு மருந்து மட்டும் நிற்கவில்லை.

செம்பூர்:
நான் போலியோவில் கால் போனவன், காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டு நடப்பவன். எங்கள் பூத்தில் ஒரு தன்னார்வலர், தயங்கும் அம்மாக்களிடம் "அந்த அண்ணனைப் பாருங்க, இப்படி ஆகணுமா?" என்று என்னைக் காட்டுவார். நல்ல மனசுதான், ஆனால் நான் அங்கே பொருட்காட்சிக்கு வரவில்லை. அதைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டார். அடுத்த முறையிலிருந்து ஐஸ் பெட்டியும் கணக்கும் என் பொறுப்பு, கூப்பிட்டு வந்து உட்காரவைப்பது அவர் வேலை.