கள்ள வேலைச் சோதனை: முதலாளியைப் பிடிப்பதா, தொழிலாளியைப் பிடிப்பதா?

கிள்ளான் கடைக்காரன்:
இங்கே மலேசியாவில், எங்கள் வரிசையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குடிநுழைவுத் துறை புகுந்து, பெர்மிட் இல்லாத வெளிநாட்டுச் சமையல்காரர்களைப் பிடித்துப் போனது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ‘பாவம்’ என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிநாட்டு ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி (ரிங்கிட்) லெவி என்ற அரசு வரி, பெர்கேசோ என்ற தொழிலாளர் காப்புறுதி, மருத்துவப் பரிசோதனை என்று நான் கட்டுகிறேன். எதுவும் கட்டாதவன் ரொட்டி சானாயை என்னைவிட மலிவாக விற்கிறான். சோதனை இன்னும் அடிக்கடி வரட்டும்.

பினாங்கு சுந்தரி:
வரட்டும் அண்ணே. லாரியில் ஏற்றிப் போனது யாரை? தொழிலாளிகளைத்தான், முதலாளியை அல்ல. கள்ளமாக வைத்த ஆள் ஒருவருக்கு முதலாளிக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஏட்டில் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று: பெர்மிட் அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. சம்பளம் தராதவரை விட்டு வெளியேறினால், முறையாக வந்தவரும் சட்டவிரோதக்காரர் ஆகிவிடுகிறார். கள்ள ஆட்களில் எத்தனை பேரை இந்தச் சட்டமே உண்டாக்குகிறது?

கிள்ளான் கடைக்காரன்:
ஏன் வெளியேற வேண்டும்? தொழிலாளர் இலாகா இருக்கிறதே. கட்டாய உழைப்புக்கு 2023 முதல் 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் குற்றம்தான்.

பினாங்கு சுந்தரி:
புகார் கொடுக்கலாம், சரி. வழக்கு முடியும்வரை அந்தத் தொழிலாளி எப்படித் தங்குவது? ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதி, மாதம் 100 வெள்ளி. அந்தப் பாஸில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வராதவர் அதை எங்கிருந்து கட்டுவார்? நான்கு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு டிக்கெட் எடுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

மன்னார்குடிக்காரன்:
நானும் மலேசியாவில் தட்டு கழுவியவன்தான். எட்டாவதோடு படிப்பு நின்றது, அதனால் என்னுடையது இசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை) பாஸ்போர்ட். மலேசியாவுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது, ஜிஎஸ்டி தனி. எங்கள் ஊரில் ஆள் அனுப்புகிறவன் இந்தப் பேச்சையே எடுக்காமல், ‘விசிட்டிங் விசாவில் ஏறு, அங்கே பெர்மிட் மாத்திக்கலாம்’ என்றான். மாற்றவே இல்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் போகலாம் என்றானபின் அவனுக்கு வேலை இன்னும் சுலபம். சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஈப்போ பையன்:
உள்ளூர்க்காரன் வேலைக்கு வருவதில்லை என்று எங்களைத் திட்டுவார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதைக் கேட்காத ஆள் பின்கட்டில் கிடைக்கும்போது என்னை ஏன் கூப்பிடப் போகிறார்கள்?

கிள்ளான் கடைக்காரன்:
தம்பி, நான் அதைக் கொடுத்தும் இரண்டு வாரத்தில் ஓடிப் போனவர்கள் உண்டு. வெளிநாட்டு ஆட்களை எடுக்கும் புதுக் கோட்டாவையும் 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஆள் கிடைக்காத கடை பின்கதவைத்தான் பார்க்கும்.

சுந்தரி, பெர்மிட்டை வேறு கடைக்கு மாற்ற விடலாம் என்கிறீர்களா? நான் லெவி கட்டிக் கொண்டுவந்த ஆளைப் பக்கத்துக் கடைக்காரன் நூறு வெள்ளி கூடக் கொடுத்து இழுத்துக்கொள்வான்.

பினாங்கு சுந்தரி:
மீதி மாதங்களின் லெவியைப் புது முதலாளி உங்களுக்குத் திருப்பிக் கட்டட்டும். அல்லது நீங்களும் நூறு வெள்ளி கூட்டிக் கொடுங்கள்.

கிள்ளான் கடைக்காரன்:
கொடுக்கிறேன். தேத்தாரிக் (ஆற்றிய பால் டீ) விலையில் இருபது காசு ஏற்றினால் நீங்கள் குடிப்பீர்களா?