‘தி ட்ரெயின்’ (1964) படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: நேரம் பொருந்தவில்லை, உதவி தேவை

பர்ட் லங்காஸ்டர் நடித்த ‘தி ட்ரெயின்’ படத்தைக் கோவையில் எங்கள் திரைப்படக் குழுவில் அடுத்த ஞாயிறு திரையிடுகிறோம். தமிழ் சப்டைட்டில் நானே எழுதினேன். அதுதான் படத்தோடு ஒட்டவில்லை.

என்னிடம் இருப்பது ப்ளூரே பிரதி, 133 நிமிடம், விநாடிக்கு 23.976 ஃபிரேம். வசன நேரங்களை ஒரு பழைய ஆங்கில எஸ்ஆர்டி (சப்டைட்டில் வரிகளும் அவை தோன்றும் நேரமும் உள்ள) கோப்பிலிருந்து எடுத்தேன். தொடக்கத்தில் சரியாக வந்தது. ஒரு மணி நேரம் ஓடியதும் வசனம் இரண்டரை நிமிடம் முந்திக்கொண்டது. ‘சப்டைட்டில் எடிட்’ என்ற மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை 25-லிருந்து 23.976-க்கு மாற்றினேன். முதல் பாதி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதன்பிறகு திடீரென நான்கு விநாடி தாமதம், கடைசிவரை அப்படியே. மொத்தமாக முன்னே நகர்த்தினால் முதல் பாதி கெடுகிறது. கணினியில் விஎல்சி பிளேயர், டிவி இரண்டிலும் இதே கதைதான்.

தாமதம் தொடங்குவது ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளை மாற்றி, ஜெர்மனிக்குப் போவதாக நாஜிகளை நம்பவைக்கும் கட்டத்தில். அங்கே வசனம் பிசகினால் ஓவியங்கள் ஏற்றிய ரயில் எங்கே போகிறது என்றே பார்ப்பவருக்குப் புரியாது. பாரிஸில் கொள்ளைபோன ஓவியங்களை ரகசியமாகக் குறித்துவைத்த ரோஸ் வல்லாந்தின் புத்தகத்திலிருந்து பிறந்த படம் இது; அரைகுறையாகக் காட்ட மனமில்லை.

முதல் பாதியைத் தொடாமல், அந்த இடத்துக்குப் பின்வரும் வரிகளை மட்டும் ஒரே தடவையில் நான்கு விநாடி முன்னே நகர்த்துவது எப்படி?